இறக்கிவிட முடியாத உடை
பழைய ஜீன்ஸுக்கு வயது கணிப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போடுகிற அம்மா ஒருவர் செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருதரம் வருவார். தலையில் கூடை, தோளில் துணிமூட்டை. திண்ணையில் துணிகளைக் கொட்டியதும் சேலையை, சட்டையை ஒதுக்கிவிட்டு முதலில் பேண்ட்டைத்தான் எடுப்பார். ஜீன்ஸ் என்றால் தனிச் சோதனை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, தொடைச் சந்தில் கையை விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "இன்னா தம்பி, தொடகிட்ட நஞ்சி பூட்டுக்குதே. இத எவன் வாங்குவான்? இன்னும் ரெண்டு சட்ட குடு, டிபன் பாக்ஸு போடறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி: "எறந்தவங்க துணி இல்லியே?"

என் அக்கா மகனும் இதே காரியத்தைச் செய்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி ஞாயிறுகளில் பழைய ஜீன்ஸ் தேடுவதுதான் அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் தொழில். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் தங்கிப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் சுமையைக் குறைக்க விட்டுப்போகும் துணிமணிகளைக் கிளறிக்கொண்டிருப்பான். ஒருமுறை கூடப் போயிருந்தேன். ஒரு ஜீன்ஸை எடுத்தவன் உடனே அதை உள்பக்கம் திருப்பினான். கால் தையலை விரித்தான், பின்பையின் ஓரத்துப் பட்டியைப் பார்த்தான், பொத்தானின் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைப் படித்தான். "சின்ன ஈ, மாமா. கரையும் இல்ல. எண்பத்தஞ்சுக்கு அப்புறம் வந்ததுதான், வேஸ்ட்டு" என்று திரும்பப் போட்டுவிட்டான்.

இரண்டு பேரும் துணியைத் திருப்பித்தான் பார்க்கிறார்கள். அந்த அம்மா கணிப்பது துணிக்கு மிச்சமிருக்கிற ஆயுளை. இன்னொரு உடம்பு இதை எத்தனை மாதம் போட முடியும் என்பதை. இவன் கணிப்பது அது பிறந்த வருஷத்தை. அவர் செத்தவர் துணியை வேண்டாம் என்பார். இவனுக்குச் செத்தவர் துணி என்றால் கிராக்கி கூடுதல். அமெரிக்கச் சுரங்கத்தில் செத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே துணியின் மீதான இந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே விட்டுப்போகிற மூன்றாவது வாசிப்பு ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அதைப் பேசுவதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

2

வயது கணிக்கும் இந்தக் கலையை மட்டமாகப் பேசுவதற்கில்லை. கறாரான அறிவு அது. 1873 மே 20ஆம் தேதி ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லெவி ஸ்ட்ராஸ் என்ற சான் பிரான்சிஸ்கோ ஜவுளி வியாபாரியும் பேண்ட் பையின் மூலைகளில் செப்பு ஆணி அடிக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்கள். (நம் சிறுபத்திரிகைகளில் அமைப்பியல் என்றதும் அடிபடும் லெவி-ஸ்ட்ராஸ் வேறு. இவர் ஜவுளிக்காரர்.) சுரங்கத்திலும் பண்ணையிலும் வேலை செய்கிறவனுக்குப் பை கிழியக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதிலிருந்து கம்பெனி செய்த ஒவ்வொரு சின்ன மாற்றமும் இன்றைக்கு ஒரு ஆண்டுக்குறி. பின்னால் ஒரே பை என்றால் 1901க்கு முந்தியது. பெல்ட் போடும் வளையம் வந்தது 1922இல். பின்பையின் ஓரத்தில் சிவப்புப் பட்டி தைத்தது 1936இல். பின்பை ஆணிகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வர, 1937இல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள், 1966இல் எடுத்தேவிட்டார்கள். இடுப்பில் தைத்த தோல் பட்டை 1950களில் அட்டையாயிற்று. சிவப்புப் பட்டியில் இருக்கும் கம்பெனிப் பெயரில் 'ஈ' என்ற எழுத்து 1971 வரை பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. அந்த ஒரு எழுத்துக்கு இன்றைக்குச் சந்தையில் பல மடங்கு விலை வித்தியாசம்.

அப்புறம் கரை. நம் நெசவாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடா ஓடுகிற பழைய தறியில் ஊடை ஓரத்தில் திரும்பி வரும், அதனால் துணிக்குக் கரை கட்டும். பழைய ஜீன்ஸின் கால் தையலைப் பிரித்தால் அந்தக் கரையும் அதில் ஓடுகிற சிவப்பு நூலும் தெரியும். நாடா இல்லாத அகலத் தறிகள் வந்து 1980களின் நடுவோடு இது நின்றுபோயிற்று. வெளுப்பதற்கும் காரணம் நெசவில்தான் இருக்கிறது. டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. பாவு நூலிலும் நீலம் மேலோடு படிந்திருக்குமே தவிர, நடு வெள்ளையாகவே நிற்கும். உராய உராய நீலம் போய் வெள்ளை எட்டிப்பார்க்கும். உட்கார்ந்து எழுந்தவனுக்குத் தொடையில் கோடு கோடாக. சேகரிப்பாளர்கள் அதை மீசை என்கிறார்கள். முழங்கால் மடிகிற பின்பக்கத்தில் தேன்கூடு. குனிந்து நிமிர்ந்து, மண்டியிட்டுச் செய்த வேலை துணியில் எழுதிவைத்த எழுத்து அது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கோட்டின் முழங்கையில் விழும் மடிப்புகளைத் தையல்காரர்கள் 'நினைவு' என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். அடகுக்கடைக்காரன் அந்த நினைவுக்கு விலையைக் குறைப்பான். 1852இல் தன் கோட்டுகள் அடகில் கிடப்பதால் வீட்டைவிட்டு வெளியே போகமுடியவில்லை என்று எங்கெல்ஸுக்கு எழுதிய மார்க்ஸுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். 'மூலதன'த்தில் சரக்கை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் கோட்டும் ஒன்று. உடம்பின் நினைவைக் கழித்துவிட்டால்தான் துணி சரக்காகும். நம் பாத்திரக்கார அம்மாவின் கணக்கும் அதே கணக்குதான். சேகரிப்புச் சந்தை இதைத் தலைகீழாக்கிவிட்டது. இங்கே நினைவே சரக்கு. ஆனால் யாருடைய நினைவு என்று மட்டும் கேட்பதில்லை. வேலை செய்த தடம் வேண்டும், வேலை செய்தவன் வேண்டாம்.

அந்தத் தடத்துக்கும் இப்போது ஆளே தேவையில்லை என்றாகிவிட்டது. புதுத் துணியின் மேல் அழுத்தமாக மணலைப் பீய்ச்சி ஒரே நாளில் இருபது வருஷத்துப் பழமையை உண்டாக்கினார்கள். துருக்கியில் அந்தப் பட்டறைகளில் வேலை செய்த இளைஞர்களின் நுரையீரலில் சிலிகாத் தூள் படிந்து பலர் செத்தார்கள். 2009இல் துருக்கி அரசு அதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு பெரிய கம்பெனிகள் சிலவும் கைவிடுவதாக அறிவித்தன. யாரோ உழைத்ததுபோல் ஒரு தோற்றம் தருவதற்காக நிஜமாகவே உழைத்தவர்கள் செத்தார்கள். உடுத்துகிறவனுக்கு இது தெரியாது. துணியின் எந்த மூலையிலும் இதற்கு அடையாளம் கிடையாது.

3

2022 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒரு ஜீன்ஸ் 76,000 டாலருக்கு ஏலம் போனது. கமிஷன் சேர்த்து 87,400. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கிடைத்தது, 1880களைச் சேர்ந்தது. எப்படி 1880கள் என்று சொன்னார்கள்? ஆணி, பட்டை, பொத்தான் என்று பல தடயங்கள் உண்டு. அதில் ஒன்று பையின் உள்பக்கம் அச்சடித்திருந்த வாசகம்: வெள்ளையர் உழைப்பால் செய்யப்பட்டது இது ஒன்றே.

1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடைச்சட்டம் போட்டது. ரயில்பாதை போட்டவர்கள், சுரங்கம் தோண்டியவர்கள், தையல் பட்டறையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரிலும் சீனர்கள் நிறையப் பேர். சீனன் கை படாத துணி இது என்று சொன்னால் வெள்ளைத் தொழிலாளி வாங்குவான் என்று கம்பெனி கணக்குப் போட்டது. 1890களில் அந்த வாசகத்தைக் கைவிட்டது. ஆக, வாசகம் இருந்தால் அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் தைத்தது. வயது கிடைத்துவிடுகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரு கூட்டத்தின் கையை விலக்கிவைத்தது சரக்கின் மேல் பெருமையாக அச்சாகிறது. நூற்றி நாற்பது வருஷம் கழித்து அந்த விலக்கல் ஆண்டுக்குறியாகிறது, ஆண்டுக்குறி விலையாகிறது. விலக்கப்பட்டவனுக்கு அதில் காலணா இல்லை. போட்டிருந்த சுரங்கத் தொழிலாளியின் பேரும் யாருக்கும் தெரியாது. வயது கணிக்கும் முறையில் பிழை ஒன்றும் இல்லை. கம்பெனி எதையெல்லாம் பதிந்துவைத்ததோ அதையெல்லாம் அந்த முறை துல்லியமாக வாசிக்கிறது. கம்பெனி பதிய விரும்பாததை அதனால் வாசிக்க முடிவதில்லை. துணியின் வரலாறு என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது முத்திரையின் வரலாறு.

4

இதை அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்க முடியாதபடி நம் கடற்கரையே சாட்சி சொல்கிறது. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போனால், கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரர் வாயில் சட்ராஸ். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இங்கே உட்கார்ந்தது நெய்த துணிக்காக. செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. உள்ளே டச்சுக்காரர் கல்லறைகள். பேரும் பிறந்த இறந்த தேதிகளும் மரபுச் சின்னங்களும் அழகாகச் செதுக்கிய கற்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சுற்றுவட்டாரத்தில் நெய்த மெல்லிய துணிகள் இந்தக் கரையிலிருந்து பத்தேவியா போய், அங்கிருந்து தீவு தீவாகப் போயின. தரகர் வழியாக முன்பணம் கொடுத்து நெசவாளியைக் கடனில் கட்டிப்போட்டு வாங்கிய துணி அது.

சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிகளை இந்தோனேசியாவில், முக்கியமாக சுலவேசித் தீவின் தொராஜா மக்கள், குலச்சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். பிற்பாடு அவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றுக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? துணி மூலையில் குத்தின கம்பெனி முத்திரையை வைத்து. டச்சுக் கம்பெனி முத்திரை இருந்தால் 1602க்கும் 1799க்கும் இடையில். அந்தக் கம்பெனி இருந்ததே அவ்வளவு காலம்தான். பின்பை ஓரத்துச் சிவப்புப் பட்டியின் தாத்தா இந்த முத்திரை. நெய்தவன், சாயம் போட்டவன், கஞ்சி போட்டு வெளுத்தவன் யாருக்கும் துணியில் ஒரு புள்ளி வைக்க இடமில்லை. கோட்டைக்குள் செத்த டச்சுக்காரனுக்குக் கல்லில் தேதி இருக்கிறது. கோட்டைக்கு வெளியே நெய்து செத்தவனுக்குத் தேதியும் இல்லை, கல்லும் இல்லை.

நீலமும் இங்கிருந்துதான் போயிற்று. அவுரி நம் செடி. புதுச்சேரியில் அவுரிச் சாயம் ஏற்றிய 'கினி' என்ற நீலத் துணி 19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்குவதற்குக் காசாகவே புழங்கியது. அதற்கு முந்தின நூற்றாண்டில் இந்தியத் துணிகளை அதே ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். 1897இல் ஜெர்மன் கம்பெனி ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, சில ஆண்டுகளில் இந்திய அவுரி வாணிகம் சரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஜீன்ஸின் நீலம் பெரும்பாலும் தொழிற்சாலை நீலம். அதற்கு முந்திய ஜீன்ஸின் நீலம் எந்த வயலில் யார் கூலிக்கு அறுத்த இலை என்று கேட்டால் முத்திரையில் பதில் கிடைக்காது.

5

முத்திரையே இல்லாத துணிக்கு நம் ஊரில் அடையாளம் போட்டவர் ஒருவர் உண்டு. சலவைத் தொழிலாளி. சேராங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் வைக்கிற குறி எத்தனை துவைத்தாலும் போகாது. இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் இன்ன வீடு. 'வண்ணான் குறி' என்று சாதிப்பேர் சொல்லி இளக்காரமாகப் பேசினார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: உடுத்தியவர் யார் என்பதைத் துணியில் எழுதிய ஒரே எழுத்து அதுதான். கம்பெனி முத்திரை துணி எங்கே பிறந்தது என்கிறது. இந்தக் குறி துணி எந்த உடம்புக்குத் திரும்பிப் போகவேண்டும் என்கிறது.

இதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். அந்தக் குறிக்குள்ளும் சாதி இருந்தது. ஊர்த் துணியும் சேரித் துணியும் ஒரே வெள்ளாவியில் வேகாது. சேரிக்குத் துவைக்கத் தனியே புதிரை வண்ணார் என்று ஒரு பிரிவை வைத்து, அவர்களைச் சேரிக்கும் கீழே தள்ளிய சமூகம் இது. வெள்ளை வேட்டியின் வெண்மைக்குப் பின்னால் இன்னொருவர் கை எப்போதும் இருந்தது. அந்தக் கை யாருக்கு வெளுக்கும், யாருக்கு வெளுக்காது என்பதுதான் உடையின் இலக்கணம்.

இன்னொரு இலக்கணமும் உண்டு. நம்மில் பலரும் கண்ணால் பார்த்தது. டீக்கடையில் வேட்டியையோ கைலியையோ மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார் ஒருவர். எதிரே ஊர்ப் பெரியதனக்காரர் வருகிறார். இவர் கை தன்னால் இடுப்புக்குப் போகும், மடிப்பு இறங்கும். தோளில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போகும். யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிகாரம் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. மடிக்கவும் இறக்கவும் முடிகிற உடை என்பதால்தான் அந்த உரையாடல் சாத்தியமாயிற்று.

இதையே சட்டம்போல் அறிவித்துச் செய்த இடமும் உண்டு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளில் ஒன்று: ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. துணியின் அளவு உடம்பின் அளவாகவும் ஊரில் ஒருவனுக்கு உள்ள இடத்தின் அளவாகவும் இருந்தது.

அதற்கு எதிர்வினையும் உடம்பின் மேல்தான் நடந்தது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாடுகளுக்குப் போனவர். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் நிற்கும் படங்களை வெறும் படங்களாகப் பார்க்கக்கூடாது. கால் முட்டி வரைதான் துணி என்று விதித்த சமூகத்துக்கு எழுதிய பதில் அது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியதும் இதே செங்கல்பட்டில்தான். பேருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப்பட்டத்தையும் நெற்றியில் இடுகிற மதக்குறியையும் விட்டுவிடச் சொன்னது அந்த மாநாடு. பார்த்தவுடன் ஆளை வகைப்படுத்த உதவும் அடையாளங்களைக் கழற்றுவதுதான் அதன் நோக்கம்.

6

ஜீன்ஸை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். ஜீன்ஸை மடித்துக் கட்ட முடியாது. அதனால் இறக்கிவிடவும் முடியாது. எதிரே யார் வந்தாலும் கைக்கு இடுப்பில் வேலை இல்லை. கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், பத்து நாள் துவைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது. வெளுக்கிற கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வெளுத்தாலும் கிழிந்தாலும் அது ஏழ்மை என்று படிக்கப்படுவதில்லை, ஸ்டைல் என்று படிக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு இளைஞர்களில் யார் ஊர், யார் காலனி என்று உடையை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே ஜீன்ஸ் பரவிய விதமும் சேகரிப்பாளர் கணக்கில் வராது. அகமதாபாத் அரவிந்த் மில் 1995இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெட்டித் தைக்கவேண்டிய டெனிம் துணி, ஜிப், ஆணி, பொத்தான், லேபிள் எல்லாம் ஒரே பொட்டலத்தில். விலை 195 ரூபாய். உள்ளூர் டெய்லர் தைத்துக் கொடுப்பார். லேபிள் கம்பெனியுடையது, கை நம்மூர் டெய்லருடையது. அதையும் வாங்க முடியாதவர்களுக்கு எழுத்துப்பிழையோடு லேபிள் ஒட்டிய பிளாட்பார ஜீன்ஸ் இருந்தது. 1998இல் 'ஜீன்ஸ்' என்றே தமிழில் படம் வந்தபோது, ஊர்ப்பக்கத்தில் கடன் வாங்கியாவது ஒன்று தைத்துக்கொள்ளாத பையன் குறைவு. என் அக்கா மகனின் பூதக்கண்ணாடிக்கு இவையெல்லாம் போலி, வயதில்லாதவை. ஆனால் சேரியில் முதல் ஜீன்ஸை யார் போட்டான், எந்த வருஷம், அன்றைக்கு டீக்கடையில் யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வருஷம் பலருக்குத் துல்லியமாக நினைவிருக்கும்.

எதிர்த்தரப்பும் ஜீன்ஸை நன்றாகவே வாசித்தது. 2012 நவம்பர் 7இல் தர்மபுரியில் ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதையொட்டிய மாதங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாசு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பொருளில் பேசினார். 2013 ஏப்ரல் 25இல் மாமல்லபுரம் கடற்கரையில் சித்திரைப் பௌர்ணமி இளைஞர் விழா. அதற்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தில் மோதல் வெடித்து, தலித் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. விழாவுக்கு வந்த இளைஞர்களில் எத்தனையோ பேர் ஜீன்ஸ்தான் போட்டிருப்பார்கள். ஆக, கோபம் ஜீன்ஸின் மேல் இல்லை. 'நம்ம பையன்' போட்டதையே 'அவன்' போட்டதன் மேல் கோபம். எந்தத் துணி என்பது அங்கே கேள்வியே கிடையாது, எந்த உடம்பு என்பதுதான் கேள்வி.

அந்தப் பேச்சில் இன்னொன்றையும் நாம் சரியாகக் கவனிக்கவில்லை. ஒரு பேண்ட்டுக்கு மயங்கிவிடுகிறவளாகப் பெண்ணை அது சித்திரித்தது. அவளுக்குத் தேர்வு என்று ஒன்று இருக்கலாம் என்ற எண்ணமே அதில் இல்லை. அவளே ஜீன்ஸ் போட்டால் இன்னொரு சொல்லாடல் தயாராக இருக்கும்: பண்பாடு, ஒழுக்கம், கோயிலுக்கு வருகிற லட்சணமா இது. ஆணின் ஜீன்ஸ் சாதியைக் கலைக்கிறதென்றும் பெண்ணின் ஜீன்ஸ் குடும்பத்தைக் கலைக்கிறதென்றும் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்.

நம் பக்கத்துத் தோழர்களும் ஜீன்ஸைச் சரியாக வாசித்தார்களா? ஏகாதிபத்தியச் சரக்கு, நுகர்வு வெறி என்று ஒரு காலத்தில் சொன்னோம். பொய் ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் 1984இல் வந்த ஏற்றுமதி வளாகத்தின் ஆடைக் கம்பெனிகளில், விடிவதற்கு முன்னால் எழுந்து பஸ் பிடித்து வந்து தையல் மெஷின் முன் உட்கார்ந்த பெண்களின் கழுத்து வலியும் முதுகு வலியும் அந்த விமர்சனத்துக்குச் சாட்சி. ஆனால் வேட்டியைத் தமிழ்ப் பண்பாடு என்றும் ஜீன்ஸை மேற்கத்திய மோகம் என்றும் பிரித்தவர்கள், வேட்டியை இறக்கிவிட்ட கையை மறந்துவிட்டார்கள். ஒரு சரக்கு சுரண்டலில் பிறக்கலாம்; போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவனுக்கு நிமிர்ந்து நிற்கிற வாய்ப்பாகவும் ஆகலாம். இரண்டையும் ஒருசேரச் சொல்லத் தெரியாத விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

ஜீன்ஸ் விடுதலை தந்துவிட்டது என்றும் நான் சொல்லவரவில்லை. உடையில் அழிந்த குறி வேறு இடத்தில் முளைக்கிறது. பள்ளிக்கூடப் பையன்களின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. சீருடை எல்லோருக்கும் ஒன்று, கயிறு மட்டும் வேறு. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 1929இல் செங்கல்பட்டில் கழற்றச் சொன்னதை, தொண்ணூற்றைந்து வருஷம் கழித்து இன்னொரு குழு இன்னொரு இடத்திலிருந்து கழற்றச் சொல்லவேண்டியிருக்கிறது.

7

சேகரிப்பது தவறில்லை. எதைச் சேகரிக்கிறோம், எதை வைத்து வயது சொல்கிறோம் என்பதுதான் பிரச்சினை. கம்பெனி ஆவணத்தை வைத்து வயது சொன்னால் கம்பெனியின் வயதுதான் கிடைக்கும். நம் மாவட்டத்துப் பழைய ஜீன்ஸ்களுக்கு வேறு மாதிரிக் கேள்விகள் வேண்டும். துணி எங்கே வாங்கியது? தைத்த டெய்லர் யார்? என்ன கூலிக் காசில் வாங்கியது? முதல்நாள் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வழியாக நடந்தான், எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனான்? யார் தடுத்தார்கள்? தங்கச்சி அதை எடுத்துப் போட்டுப் பார்த்தாளா, யாருக்குத் தெரியாமல்? அவனுக்குப் பிறகு யார் போட்டார்கள், எப்போது கரித்துணியாயிற்று? பதிலைச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் இருபது வருஷத்தில் இருக்கமாட்டார்கள். இதைக் கேட்டு எழுதிவைக்கப் பூதக்கண்ணாடி தேவையில்லை. ஒரு நோட்டும், திண்ணையில் உட்காரும் பொறுமையும் போதும். இதைப் படிக்கும் தோழர்கள் அவரவர் ஊரில் தொடங்கலாம். என் வாசிப்பில் ஓட்டை இருந்தால் சொல்லலாம், விவாதிப்போம்.

என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "அதுக்கெல்லாம் மார்க்கெட் இல்ல மாமா" என்றான். ரொம்ப நேரம் கழித்து அவனே ஒன்று சொன்னான். தன் அப்பா, கல்யாணத்துக்கு முந்தி வாங்கின ஜீன்ஸ் ஒன்றைப் பரணில் தகரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம். போடுவதில்லை, இடுப்புக்குப் பத்தாது. அம்மா பாத்திரத்துக்குப் போட எடுத்தபோதெல்லாம் சண்டை. அதற்கு வயது பார்த்தாயா என்று கேட்டேன். "லேபிளே இல்ல, டெய்லர் தச்சது" என்றான். ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்டாயா என்றேன்.

கேட்டதில்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறான்.